சுவரில் ஏறிய குடும்பம்

மணலூர்பேட்டையில் இருக்கும் என் அத்தை வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அத்தை இல்லை, ஒரு படம். அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. அவருடைய கணவர் எனக்கு மாமா. படத்தில் மாமா சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். அத்தை பின்னால் நிற்பார். சென்னையில் ஓர் ஓவியரிடம் போட்டோவைக் கொடுத்து ஆயில் பெயிண்டில் வரையச் சொல்லி வாங்கிவந்தது. தங்க நிறச் சட்டம், அதற்கு மேலே தனியாக ஒரு விளக்கு. பின்னணியில் ஓர் அலமாரி நிறையத் தடித்தடியான புத்தகங்கள். மாமா விடாமல் படிப்பது தினசரி காலண்டர் தாளில் இருக்கும் ராகுகாலம் ஒன்றைத்தான். அந்த அலமாரியும் புத்தகமும் ஓவியர் மரியாதைக்குச் சேர்த்துக் கொடுத்தவை.

அப்பாவுக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். இரண்டு பேரும் கரும்பு போடுகிறவர்கள். மாமா டிராக்டர் வாங்கினால் அப்பா அதைவிட ஒரு சுற்று பெரிய டிராக்டர் வாங்குவார். மாமா போர் போட்டுத் தண்ணீர் வந்தால், எங்கள் நிலத்தில் தண்ணீர் வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் துளைக்கச் சொல்வார். ஆனால் இந்தப் படத்துக்கு அவரிடம் பதில் இல்லாமல் இருந்தது. அங்கே விருந்துக்குப் போனால் படத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவார். மாமாவும் விடமாட்டார். "மச்சான், இப்பிடித் திரும்பி உக்காருங்க, காத்து வரும்" என்பார்.

அந்தச் சமயம் நாங்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், எங்கள் நிலத்தை ஒட்டி, புது வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா திடீரென்று கையை உதறிவிட்டுச் சொன்னார்.

"மாப்ள வூட்ல படத்த ஆணில மாட்டிக்கினு இருக்கார். ஆணி போனா படம் போச்சி. நாம செவுத்துலயே எழுதிடலாம். ஹாலுக்குள்ள வந்தா நேர் எதிர்ல நம்ம குடும்பம். எவனாலயும் கழட்ட முடியாது."

எங்கள் படத்தை யார் வந்து கழட்டப்போகிறார்கள் என்று நான் கேட்டேன். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா அதுவரை இந்தப் போட்டிகள் எதிலும் தலையிட்டதே கிடையாது. போர் எவ்வளவு ஆழம் போனாலும் குழாயில் தண்ணீர் வந்தால் அவளுக்குப் போதும். ஆனால் படம் என்ற பேச்சு வந்ததும் ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நான் உக்காந்துக்கினு இருக்கணும்" என்றாள்.

"எங்க?"

"படத்துல. நாற்காலியில. ரெண்டு காலும் தரையில இருக்கணும். கையில ஒண்ணும் இருக்கக் கூடாது."

அப்பாவுக்கு இது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டு ஆல்பங்களில் அம்மா உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. எனக்குக் காது குத்தியபோது தாய்மாமா மடியில் நான் இருக்கிறேன், அம்மா பின்னால் தட்டோடு நிற்கிறாள். தம்பி பிறந்தநாளில் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், அம்மா யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறாள், தோளிலிருந்து பாதி வெட்டுப்பட்டிருக்கிறாள். சில படங்களில் அவள் கை மட்டும் வந்திருக்கிறது, கரண்டியோடு. ஏதோ ஒரு படத்திலாவது உட்கார வேண்டும் என்று அவளுக்கு எத்தனை காலமாகவோ ஆசை இருந்திருக்கிறது. அதைச் சொல்ல ஒரு சுவர் கிடைக்க வேண்டியிருந்தது.

"கல்யாணப் படத்துல உக்காந்துக்கினுதான இருக்க?" என்றார் அப்பா.

"அது மணைங்க. அதுலயும் தலைய குனிய வச்சிட்டாங்க. வகிடுதான் தெரியிது."

சரி, உட்கார வைத்துவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அவருக்கு அது சின்ன விஷயம். அம்மாவுக்கு அந்தப் புது வீட்டிலேயே பெரிய விஷயம் அதுதான்.

அடுத்த கேள்வி, யார் எழுதுவது. அப்போது எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேக வேலை நடந்துகொண்டிருந்தது. ரிஷிவந்தியம் பக்கமிருந்து வந்த பெயிண்டர் ஒருவர் கோபுரத்துப் பொம்மைகளுக்கெல்லாம் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். சுற்று வட்டாரத்தில் அவருக்கு ஏக கிராக்கி. ஒரு கோயில் முடியும் முன்பே அடுத்த ஊர்க்காரர்கள் வண்டியோடு வந்து காத்திருப்பார்கள். அப்பா அங்கே முனீஸ்வரன் மீசையைப் பார்த்துச் சொக்கிப்போய் வீடு திரும்பினார். ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறதாம்.

பெயிண்டரைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், காபி கேட்டார், காபியில் சர்க்கரை கம்மி என்றார்.

"மனுசங்கள எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதுனதில்ல. சாமியில கொஞ்சம் கம்மி பண்ணா மனுசன். இதுல இன்னா கஷ்டம்?"

"எங்க வூட்டம்மாவ நாற்காலியில உக்கார வச்சிடுங்க" என்று அப்பா மறக்காமல் சொன்னார். அதுவரைக்கும் அவர் மேல் தப்பில்லை.

"எல்லாம் முறைப்படி வந்துடும் ஐயா" என்றார் பெயிண்டர். அந்த முறைப்படி என்ற சொல்லை நாங்கள் அங்கேயே பிடித்து நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

வேலை ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். கவுச்சி வாசனை பட்டால் தூரிகை பிடிக்க மாட்டாராம். எழுதப்போவது எங்களைத்தானே, நாங்களே கவுச்சி சாப்பிடுகிறவர்கள்தானே என்று தம்பி வாதாடிப் பார்த்தான். எடுபடவில்லை. காலேஜில் படித்துக்கொண்டிருந்த தம்பி தினமும் கள்ளக்குறிச்சியில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வாயை நாலு தடவை கொப்பளித்துக்கொண்டு வருவான். அப்பாவுக்கு அந்த வசதியும் இல்லை. கொள்ளுத் துவையலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

எங்களைப் பார்த்து எழுத பெயிண்டர் ஒதுக்கிய நேரமோ ஒரு காலைப்பொழுதுதான். அம்மா முகூர்த்தப் பட்டு கட்டி, இருக்கிற நகையெல்லாம் போட்டு, பக்கத்திலேயே இருந்த பழைய வீட்டிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தானே தூக்கி வந்து போட்டு, அதில் உட்கார்ந்தாள். அப்பா மீசைக்கு எண்ணெய் தடவியிருந்தார். பெயிண்டர் ஒவ்வொருவர் முன்பும் நின்று சற்று நேரம் முறைத்தார். அவ்வளவுதான்.

"மனசுல ஏறிடிச்சி. போய் அவங்கவங்க வேலையப் பாருங்க" என்றார்.

பிறகு பழைய வேட்டிகளைத் தைத்துச் சுவருக்கு முன்னால் திரை கட்டிக்கொண்டார். கண் திறக்கும் வரை யாரும் பார்க்கக் கூடாது. சாமி சிலைக்கும் சாமி படத்துக்கும் கண்ணைக் கடைசியாக எழுதுவதுதான் வழக்கம். அது முதலில் மனுஷர்களைப் பார்க்கக் கூடாது, கண்ணாடியையும் பசுவையும் கன்றையும் பார்க்க வேண்டும். எங்களுக்கும் அப்படியே செய்யப்போவதாகச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. மாமா வீட்டுப் படத்துக்குப் பசு மாடெல்லாம் வந்திருக்காது என்ற நினைப்பில் அவர் முகம் பூரித்துப் போயிருந்தது.

கண் திறக்கும் நாள் வந்தது. எங்கள் பசுவுக்குப் புது கிரானைட் தரை பிடிக்கவில்லை. முன்னங்கால் ஒரு பக்கம், பின்னங்கால் ஒரு பக்கம் என்று வழுக்கி, கடைசியில் ஹாலுக்கு நடுவில் சாணியைப் போட்டுவிட்டு நின்றது. பெயிண்டர் திரைக்குப் பின்னால் கண்களை எழுதி முடித்துத் திரையை இழுத்தார். பசு ஒரு பார்வை பார்த்தது. பார்த்துவிட்டு வழுக்காமல் நேராக வெளியே போய்விட்டது.

நடுவில் அப்பா. ஆள் உயரத்துக்கும் மேல். ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டு, பீடத்தில் உட்கார்ந்திருக்கிறார். மீசை இரண்டு பக்கமும் காதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கண் இரண்டும் உருண்டு, ஓரம் சிவந்து, ஹாலில் எங்கே போய் நின்றாலும் நம்மையே பார்க்கிறது. கையில் ஒரு கரும்பு, ஆனால் வெட்டரிவாளை ஓங்குகிற மாதிரி பிடித்திருக்கிறார். காலடியில் எங்கள் டிராக்டர், நந்தி மாதிரி அவரைப் பார்த்துப் பணிவாகத் திரும்பியிருக்கிறது. இரண்டு பக்கமும் நானும் தம்பியும் வாசல் காக்கிற பூதங்களாக, ஒரு காலைத் தூக்கி, ஒரு விரலை நீட்டி மிரட்டிக்கொண்டு. எனக்குக் கோரைப்பல் இருந்தது. தம்பி கையில் கதாயுதத்துக்குப் பதில் செல்போன். பின்னால் கல்வராயன் மலை திருவாசியாக வளைந்து எங்கள் எல்லாரையும் சுற்றியிருந்தது.

அம்மா தன்னைத் தேடினாள். முதலில் மேலே தேடினாள், பிறகு பக்கத்தில். கடைசியில் அப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கே, ஒரு சின்ன உருவம் அகப்பட்டது. இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தது. கையில் தாமரை மொட்டு வேறு.

"யாருங்க அது, மொழங்கால்கிட்ட?"

"நீங்கதாம்மா."

"நான் இவரு தோள் வரைக்கும் இருக்கேன்."

"அது நேர்லம்மா. சாமி பக்கத்துல நின்னா அம்மன் சின்னதாதான் வரும். அது முறை."

"இவரு சாமியா?"

பெயிண்டர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப சாமிதான். கண்ணு தொறந்தாச்சி."

அம்மா குனிந்து அந்தத் தாமரை மொட்டை உற்றுப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பட்டுப்புடவை கட்டி, நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் நடந்து வந்தது ஞாபகம் வந்து மனசு கஷ்டமாக இருந்தது. அப்பாவுக்கும் சங்கடம்தான். ஆனால் அவரால் தன் மீசையிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"அழிச்சிட்டு வேற மாதிரி எழுதிடுங்களேன்" என்றார், அவ்வளவு அழுத்தம் இல்லாமல்.

"கண்ணு தொறந்தத அழிச்சா எழுதுன கை வெளங்காதுங்க. நான் மாட்டேன்."

அம்மா சமையலறைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தோம். போகவில்லை. பெயிண்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மன் எப்பதான் பெருசா இருக்கும்?"

"தனியா உக்காந்தா பெருசா இருக்கும்."

"அப்ப என்னத் தனியா எழுதுங்க."

ஒரு வீட்டில் இரண்டு படம் எதற்கு என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா சுவரைக் கை காட்டினாள். "அதோ, உங்க சாமி இருக்குது. ராத்திரிக்கு அதையே சோறாக்கச் சொல்லுங்க." அப்பா உடனே பெயிண்டரிடம் வேறு சுவர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, ஆனால் வெளியே. வாசல் கதவை ஒட்டி, ரோட்டைப் பார்த்த மாதிரி, அகலமான சுவர்.

இந்தத் தடவை அம்மா யாரையும் நம்பவில்லை. எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். திரையும் கூடாது என்றாள். பெயிண்டர் நாலு கை வைக்கலாமா என்று கேட்டார்.

"இருக்கற வேலைக்கு நாலும் பத்தாது. ரெண்டு போதும். ரெண்டும் மடியில சும்மா இருக்கணும்."

"கை சும்மா இருக்கற அம்மன் எந்தக் கோயில்லயும் கெடையாதும்மா. ஒரு சூலம், ஒரு கிளி, ஒரு எலுமிச்சம்பழம்?"

"ஒண்ணும் வேணாம்."

"ஒரு காலாவது மடிச்சி..."

"ரெண்டு காலும் தரையில."

பெயிண்டர் பாதி நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு அம்மா சொன்னபடியே எழுதினார். ஆனால் கை பழக்கம் விடுமா? முகத்துக்கு மஞ்சள் பூசினார், கண்ணைக் காதுவரை இழுத்தார், தலைக்குப் பின்னால் தீ ஜுவாலையை வைத்தார். நாற்காலி அம்மாவின் அதே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிதான், கைப்பிடி இரண்டிலும் மட்டும் சிங்க முகம் முளைத்திருந்தது. கடைசியில், அம்மா பால்காரருக்குப் பதில் சொல்லப் போன இடைவெளியில், நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் ஆளை நிறுத்தி, கையில் கம்பும் கொடுத்துவிட்டார். மீசையைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது.

"அம்மன் தனியா இருந்தா காவலுக்கு ஒருத்தர் நிக்கணும்" என்றார் பெயிண்டர். "இந்த வூட்ல ஐயா மொகம்தான் நல்லா மனசுல ஏறியிருக்குது."

அப்பாவை ரொம்பத் துருவிக் கேட்டபோது, தான் தூரத்தில் நிற்பதால் சின்னதாகத் தெரிவதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. எங்கள் ரோட்டில் ஓடும் டவுன் பஸ் வீட்டருகே வந்ததும் மெதுவாகப் போக ஆரம்பித்தது. டிரைவர் ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக்கொள்வார், ஜன்னலோரத்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கரும்பு லாரிகள் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போயின. களை எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சாமந்திப் பூவை வைத்தார்கள். ஒருநாள் காலையில் சுவரடியில் ஒரு கூறு கத்தரிக்காய் இருந்தது. அம்மா அதை எடுத்துக் காரக்குழம்பு வைத்துவிட்டாள்.

"படையல எடுத்து சமைக்கிறியேம்மா" என்றேன்.

"யாருக்கு வச்சாங்க? எனக்குத்தான வச்சாங்க" என்றாள். நானும் தட்டை நீட்டினேன். குழம்பும் நன்றாக இருந்தது.

புது வீடு குடிபோகிற நாள். அப்பா காலையிலிருந்து ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாமா உள்ளே வந்து ஹால் சுவரில் இருக்கும் படத்துக்கு நேராக நிற்க வேண்டும், வாயடைத்துப் போக வேண்டும், அதுதான் அவர் கணக்கு. வெளிச் சுவர் அவர் கணக்கிலேயே இல்லை.

மாமாவின் கார் வந்து நின்றது. மாமா இறங்கினார், சுவரைப் பார்த்தார், கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு நேராகச் சுவரிடம் போய், கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டார். அத்தையும் பின்னாலேயே வந்து கும்பிட்டார்.

"இன்னா மச்சான், வூட்டோட சேத்து கோயிலும் கட்டிட்டீங்க, ஒரு வார்த்த சொல்லவே இல்ல" என்றார் மாமா, கூப்பிய கையை இறக்காமல்.

அந்த நேரம் பார்த்து அம்மா குங்குமத் தட்டோடு வாசலுக்கு வந்தாள். "வாங்கண்ணே" என்றாள். மாமா அம்மாவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். கூப்பிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"தங்கச்சி மாதிரி இருக்குது" என்றார்.

அப்பா நினைத்திருந்தால் அங்கே பெயிண்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"மாதிரி இல்ல மாப்ள. எங்க வூட்டம்மாதான்."

மாமா குனிந்து பார்த்தார். "கீழ கம்போட நிக்கறது?"

அப்பா மீசையை ஒருமுறை முறுக்கிவிட்டார். "நான்தான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மாமா மெதுவாக, "நல்லா இருக்குது மச்சான்" என்றார். எத்தனையோ வருஷமாக அப்பா காத்திருந்த வார்த்தை அது. பிறகு மாமா ஹாலுக்குள் போய்ப் பார்த்தபோதும் அங்கே இருந்த பெரிய படத்துக்கு அது கிடைக்கவில்லை.

போட்டோகிராபர் எல்லாரையும் வெளிச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்தார். நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் போட்டு, "ஐயா உக்காருங்க, அக்கா நீங்க கொஞ்சம் பின்னால" என்றார். அம்மா கையில் தட்டோடு பின்னால் நகர ஆரம்பித்தாள். யோசித்து நகரவில்லை, கால் தானாகப் போனது.

"நீ உக்காரு" என்றார் அப்பா.

அம்மா நம்பாமல் பார்த்தாள். அப்பா போட்டோகிராபரிடம் திரும்பி, "செவுத்துல எப்பிடி இருக்குதோ அப்பிடியே எடுப்பா" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அம்மா சுற்றிலும் பார்த்தாள், பக்கத்தில் இருந்த மாமாவின் கையில் குங்குமத் தட்டைக் கொடுத்தாள், உட்கார்ந்தாள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி வைத்தாள். கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

போட்டோகிராபர் எடுத்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "அக்கா, கண்ண மூடிட்டீங்க. இன்னொண்ணு எடுக்கணும்."

"எத்தினி வேணா எடு" என்றாள் அம்மா. "நான் எழுந்திரிக்க மாட்டேன்."